ஒப்பீட்டுக் கட்டிலில் இருந்தவர்கள்

பக்கவாதம் வந்தவரைப் படுத்தே கிடக்க விடக்கூடாது, சீக்கிரம் எழுப்பி நடமாட வைக்க வேண்டும் என்பதை மறுவாழ்வு மருத்துவத்தில் சந்தேகித்தவர்கள் குறைவு. ஐந்து நாடுகளில், 56 மையங்களில், 2,104 நோயாளிகளிடம் அதைச் சோதித்தது ‘அவெர்ட்’ ஆய்வு. 2015இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பப்பட்டவர்களில், மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் 46 விழுக்காடு. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 50. நல்லது என்று நினைத்துச் செய்தது சிலருக்குக் கெடுதலாகியிருக்கிறது. நூற்றுக்கு நான்கு பேர் என்ற வித்தியாசம் எத்தனை அனுபவமுள்ள மருத்துவருக்கும் வார்டில் கண்ணில் படாது. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வின் பலம் அதுதான்.

ஆனால் மாத்திரையைச் சோதிப்பதுபோல் இங்கே சோதிக்க முடியாது. போலி மாத்திரை உண்டு. போலி நடைப்பயிற்சி ஏது? தனக்கு என்ன பயிற்சி கிடைக்கிறது என்பது நோயாளிக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் தெரியும். முடிவை அளப்பவரிடம் மட்டுமே மறைக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல், ‘வழக்கமான கவனிப்பு’ என்பது நின்ற இடத்தில் நிற்பதில்லை. அவெர்ட் நடந்த ஆண்டுகளில் ஒப்பீட்டுப் பிரிவினரையும் ஆண்டுக்காண்டு முன்னதாகவே எழுப்பத் தொடங்கிவிட்டார்கள். முதல்முறை எழுப்பிய நேரத்தின் இடைநிலை, ஒரு பிரிவில் 18.5 மணி, மறுபிரிவில் 22.4 மணி. ஆக, சோதிக்கப்பட்டது சீக்கிரமா தாமதமா என்பதல்ல, எவ்வளவு என்பதுதான். பின்னர் வந்த பகுப்பாய்வு, கொஞ்ச கொஞ்ச நேரமாகப் பலமுறை எழுப்புவதே நல்லது என்றது. ‘சீக்கிரம் எழுப்பாதே’ என்று மட்டும் தலைப்பை வாசித்தவர்கள் இதைத் தவறவிட்டார்கள்.

நமக்கு நெருக்கமானது ‘அட்டெண்ட்’ ஆய்வு. 2014 முதல் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பேர். லூதியானா சிஎம்சியின் ஜெயராஜ் துரை பாண்டியன் முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். பிசியோதெரபிஸ்டுகள் போதாத நாட்டில் வீட்டார் ஒருவருக்கே பயிற்சி சொல்லிக்கொடுத்து, வீட்டில் இரண்டு மாதம் வரை தொடரச் செய்தால் என்ன? அருமையான கேள்வி. ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்ந்து இரு பிரிவிலும் 47 விழுக்காடு. 2017இல் வெளியான முடிவு இது.

அளவுகோலைக் குறைசொல்லத் தோன்றுகிறது. நோயாளியின் இயலாமையை அளக்கும் ரேங்கின் அளவையில் 3 முதல் 6 வரை ஒரே கூடை; துணையின்றி நடந்து தெருமுனை டீக்கடைக்குப் போய்வந்தாலும், வேறு வேலைக்கு மகனின் கை வேண்டியவரும் இறந்தவரும் அதற்குள்தான். ஆனால் அன்றாடச் செயல்பாட்டை அளந்த மற்ற அளவைகளிலும் வித்தியாசம் தெரியவில்லை. எனவே பழியை முழுக்க அளவுகோலின் மேல் போடுவது நியாயமில்லை.

எனக்கு ஒப்பீட்டுப் பிரிவின் மேல்தான் கண். அந்தக் கட்டில்களிலும் வழக்கமான பயிற்சி கிடைத்தது. நம் மருத்துவமனைகளில் அட்டெண்டர் இல்லாத கட்டில் அரிது. பயிற்சிப் பிரிவில் இல்லாததால் மகளோ மருமகளோ கைகட்டி உட்கார்ந்திருப்பாளா? பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக் காலை நீட்டி மடக்கிவிடுவாள், தோளில் சாய்த்து நடத்துவாள். குடும்பம் பயனற்றது என்று அட்டெண்ட் காட்டவில்லை. ஏற்கெனவே உழைக்கிற குடும்பத்துக்குச் சில நாள் வகுப்பு கூடுதலாக எதையும் தரவில்லை என்றுதான் அதிலிருந்து படிக்க முடிகிறது. அட்டெண்டரே இல்லாமல் தனியாகக் கிடப்பவருக்கு என்ன செய்வது என்ற கேள்வி அதன் வரம்புக்குள் வரவே இல்லை.