உரைபெறு கட்டுரையில் மழையும் தெய்வமும்

பண்டைய நம்பிக்கைகளைப் பருவநிலையே உருவாக்கிற்று என்போர்க்குச் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை வலுவான சான்றாகத் தோன்றும். மழையின்றிப் பஞ்சமும் நோயும் வாட்டிய பாண்டிய நாட்டில், கொற்கை வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட, மழை பெய்தது என்கிறது அது. கொங்கிலும் கயவாகுவின் இலங்கையிலும் வழிபாட்டின் பயனாக மழையே கூறப்படுகிறது. ஆயின், உறையூர்ச் சோழன் பெருங்கிள்ளி விழாவெடுத்தமைக்கு, எவ்வகையிலும் வரமருள்பவள் என்பதே காரணமாகச் சுட்டப்படுகிறது. அங்கு மழை பற்றிய குறிப்பு இல்லை. எனவே, வறட்சியில் தோன்றும் வழிபாடு இடம்பெயருங்கால் வறட்சியைச் சாராமலும் நிலைபெறும் எனலாம். மழைக்கும் அம்மைநோய்க்கும் உரிய மாரியம்மனைத் தோட்டத் தொழிலாளராக வந்த நம் முன்னோர் மலாயாவுக்குக் கொணர்ந்தனர். ஆண்டு முழுதும் மழை பெறும் தம்போய் வட்டாரத்திலும் அவ்வழிபாடு தொடர்வதைப் பருவநிலை கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது.