ஒர்வியெத்தோவின் சுவரில் எதிர்க் கிறிஸ்து

இத்தாலி நாட்டின் உம்பிரியாப் பகுதியில், குன்றின்மேல் அமைந்த ஒர்வியெத்தோ நகரின் பேராலயத்துள் சான் பிரித்சியோ சிற்றாலயம் உள்ளது. அதன் சுவர்களில் லூக்கா சிஞ்ஞொரெல்லி 1499-ஆம் ஆண்டு தொடங்கி, ஏறத்தாழ ஐந்தாண்டுகள் உழைத்துத் தீட்டிய உலக முடிவு ஓவியங்களைக் கலையன்பர்கள் நன்கறிவர். கல்லறை விட்டெழும் உடல்களையும் நரகில் வதைபடுவோரையும் வியந்து எழுதப்பட்டவை ஏராளம். நாம் இங்கே எடுத்துக்கொள்வது எதிர்க் கிறிஸ்துவின் போதனையைக் காட்டும் ஓவியம் ஒன்றை மட்டுமே. அச்சுப்படங்களின் வழியாகவே நாம் அதனைக் கண்டிருக்கிறோம். ஆயினும் அப்படங்களின் முன் பல மாலைப்பொழுதுகள் அமர்ந்திருக்கிறோம்.

முதற்பார்வையில் ஆண்டவர் இயேசு மக்களுக்குப் போதிப்பதாகவே தோன்றும். அதே தாடி, அதே நீண்ட கூந்தல், தோளினின்று சரியும் அங்கி. ஒரு பீடத்தின்மேல் நிற்கிறார். காலடியில் பொன்னும் பாத்திரங்களும் குவிந்து கிடக்கின்றன. சற்று நிதானித்துப் பார்த்த பின்னரே, தோளுக்குப் பின்னே கொம்புள்ள ஒருவன் காதில் ஓதுவது தெரிகிறது. அவனுடைய கை அங்கியின் உள்ளே நுழைந்திருக்கிறது. வெளியே நாம் காணும் கை போதிப்பவருடையதா, ஓதுபவனுடையதா என்று சொல்ல இயலவில்லை. கோரப் பற்களையும் பாம்பு வாலையும் தீட்டி மக்களை அச்சுறுத்துவது எளிது. அதனை எத்தனையோ ஓவியர் செய்துவிட்டனர். சிஞ்ஞொரெல்லியோ எதிரிக்கு நாம் வணங்கும் முகத்தையே கொடுத்தார். இவ்வோவியத்தின் மேதைமை முழுவதும் அந்த ஒரு கையில் அடங்கியிருக்கிறது என்பது நம் துணிபு.

இத்துணிபுக்குத் திருநூலே சான்று. 'எதிர்க் கிறிஸ்து' என்னும் சொல் புதிய ஏற்பாட்டில் யோவானின் முதல் இரு திருமுகங்களில், நான்கே வசனங்களில் வருகிறது. பலரும் எண்ணுவதுபோல் திருவெளிப்பாட்டில் அச்சொல் இல்லை. தெசலோனிக்கருக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகம் பேசும் நெறிகெட்ட மனிதனையும், திருவெளிப்பாட்டின் விலங்கையும், தானியேல் நூலின் கொடுங்கோலனையும் ஒரே உருவாக இணைத்தவர்கள் பிற்காலத்தவரே. யோவான் கூறுவதோ வேறு. எதிர்க் கிறிஸ்துகள் பலர் முன்னரே தோன்றிவிட்டனர் என்றும், அவர்கள் நம் நடுவிலிருந்தே வெளியேறியவர்கள் என்றும் அவர் எழுதுகிறார். (பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'அந்திக்கிறிஸ்து' என்று படிக்கும் தமிழ்ச் செவிக்கு அந்திப்பொழுது நினைவுக்கு வரும். 'எதிர்' என்னும் கிரேக்க முன்னொட்டு நம் மொழியில் காலத்தின் இறுதியைக் குறிப்பதுபோல் ஒலித்துவிட்டது. உலக முடிவுக்கு நாள் குறிக்கும் ஆவலை அதுவும் ஓரளவு வளர்த்திருக்கலாம்!)

யோவானின் இந்த எச்சரிக்கை எவ்வாறு மறக்கப்பட்டது? இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் புனித இரனேயு, எரேமியா நூலின் ஒரு வசனத்தைக் கொண்டும், திருவெளிப்பாடு ஏழாம் அதிகாரப் பட்டியலில் தாண் குலம் விடுபட்டிருப்பதைக் கொண்டும், வரவிருப்பவன் அக்குலத்தில் தோன்றுவான் என்று கருதினார். ஏறத்தாழ 950-ஆம் ஆண்டில் அட்சோ என்னும் பிராங்கியத் துறவி கெர்பெர்கா அரசிக்கு எழுதிய மடல் இக்கருத்தை ஒரு வாழ்க்கை வரலாறாகவே விரித்தது. அவன் யூதப் பெற்றோருக்குப் பாபிலோனில் பிறப்பான்; எருசலேம் கோவிலைக் கட்டியெழுப்புவான்; யூதர்கள் அவனைத் தங்கள் மெசியாவாக ஏற்பர். புனிதர் வரலாறு எழுதும் முறையிலேயே எழுதப்பட்டதால் அது பரவலாகப் படிக்கப்பட்டது. நம் நடுவிலிருந்து புறப்படுபவன் என்று திருத்தூதர் சொன்னவன், இவ்வாறு அயலார் வீட்டுப் பிள்ளை ஆக்கப்பட்டான்.

சிஞ்ஞொரெல்லியின் ஓவியத்தில் இவ்விரு மரபுகளும் மோதுகின்றன. பீடத்தின்மேல் யோவான் சொன்ன எதிர்க் கிறிஸ்து. பீடத்தின் கீழே அட்சோவின் உலகம். கூட்டத்தின் முன்வரிசையில் ஒரு பெண்ணின் கையில் காசு கொடுக்கும் வணிகர் ஒருவர் நிற்கிறார். அவரை யூத வட்டிக்கடைக்காரராகவே ஆய்வாளர் பலரும் இனங்காண்கின்றனர். உம்பிரிய நகரங்களில் பிரான்சிஸ்கன் போதகர்கள் யூதரின் வட்டித் தொழிலைக் கண்டித்து முழங்கிய காலம் அது. அவ்வுருவைத் தீட்டியபோது ஓவியர் தம் காலத்தின் சந்தைப் பேச்சைத் திருச்சுவரில் ஏற்றிவிட்டார். இதனைச் சிறு குறை என்று ஒதுக்கிவிட முடியாது. 1569-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸின் ஆணைப்படி, திருத்தந்தையின் ஆட்சிக்குட்பட்ட இத்தாலியப் பகுதிகளில் உரோமை, அங்கோனா என்னும் இரு நகர்கள் நீங்கலாகப் பிற இடங்களிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டனர். ஒர்வியெத்தோவும் அவ்வாட்சிக்கு உட்பட்டதே. ஓவியம் ஆணையைப் பிறப்பிக்கவில்லை. ஆனால் அத்தகைய ஆணையைக் கண்டு எவரும் அதிராதபடி கண்களைப் பழக்கியது.

யூதரும் தமக்கென ஓர் எதிரியை எழுதிவைத்தனர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த எபிரேயச் செருபாபேல் நூலில் அர்மிலுஸ் என்பவன் வருகிறான். சாத்தானுக்கும் கற்சிலைப் பெண் ஒருத்திக்கும் பிறந்தவன். யோசேப்பின் மகனாகிய மெசியாவைக் கொல்பவன். இறுதியில் தாவீதின் மகனாகிய மெசியாவால் அழிபவன். அவன் பெயரில் உரோமையை நிறுவிய ரோமுலுஸின் சாயலைப் பலர் காண்கின்றனர். அக்கற்சிலையிலோ, கிறிஸ்தவப் பேரரசு போற்றிய அன்னை மரியாவின் திருவுருவத்தைக் காண்கின்றனர். நமக்கு இது வலிக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்நூல் பிறந்த சூழலை எண்ணிப் பார்ப்போம். 614-இல் பாரசீகர் எருசலேமைக் கைப்பற்றினர். பேரரசர் ஹெராக்ளியுஸ் 630 வாக்கில் மீண்டும் அதனுள் நுழைந்தார். யூதருக்குக் கட்டாயத் திருமுழுக்கு ஆணையும் வந்தது. சிலுவை பொறித்த கொடியின்கீழ் வந்த படையையே அவர்கள் கண்டார்கள். அவ்வலியிலிருந்து எழுந்த கதையை அட்சோவின் மடலோடு சரிசமமாக வைத்து, இருவரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டனர் என்று முடிப்பது நேர்மையாகாது. ஒரு தரப்பின் கையில் எழுதுகோல் மட்டுமே இருந்தது. மறுதரப்பின் கையில் வாளும் இருந்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறிஸ்தவமல்லாத சமயங்கள் பற்றிய அறிக்கையின் வழியாக, யூதரைக் கடவுளால் ஒதுக்கப்பட்டவராகவோ சபிக்கப்பட்டவராகவோ காட்டலாகாது என்று கற்பித்தது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எதிர்க் கிறிஸ்துவைப் பற்றிக் கூறுமிடத்தில் குலத்தையோ பிறப்பிடத்தையோ பேசவில்லை. கடவுளின் இடத்தில் மனிதன் தன்னையே மகிமைப்படுத்தும் பொய் மெசியாத்தனம் என்றே அதனை விளக்குகிறது. ஆலய வாயிலில் 666-க்குப் புதுப்புதுப் பெயர்களைக் கண்டுபிடித்து விநியோகிக்கப்படும் துண்டறிக்கைகளைப் படிக்கும்போது, இப்பகுதியை எத்தனை பேர் திறந்து பார்த்திருப்பார்கள் என்னும் ஐயம் நமக்கு எழுகிறது.

அவ்வாறாயின் இவ்வோவியத்தைப் புறக்கணிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. வணிகரின் உருவை வெட்கத்தோடும், பீடத்தின் மேலுள்ள உருவை அச்சத்தோடும் பார்க்க வேண்டும். ஒன்றை மற்றொன்றுக்காக மன்னிக்கவும் கூடாது. ஒரு கலைஞர் உண்மையைக் கண்ட அதே சுவரில் பொய்யையும் தீட்ட முடிந்தது என்பதே இப்படம் நம்மிடம் வைக்கும் வினா.

ஓவியத்தின் இடது கோடியில் கருப்புடை அணிந்த இருவர் நிற்கின்றனர். ஒருவர் சிஞ்ஞொரெல்லி தாமே என்பதும், மற்றவர் 1447-இல் அச்சிற்றாலயத்தின் விதான ஓவியங்களைத் தொடங்கிவைத்த முத்திப்பேறுபெற்ற பிரா ஆஞ்செலிக்கோ என்பதும் மரபு. அவர்கள் காலடியருகிலேயே ஒரு கொலை நடக்கிறது. அவர்கள் அசையவில்லை. சிஞ்ஞொரெல்லியின் கண்கள் சுவரைவிட்டு வெளியே, பார்த்துக்கொண்டு நிற்கும் நம்மை நோக்கித் திரும்பியிருக்கின்றன.