சட்டையின் எண்

விளையாட்டு ரசிகனுடைய நெஞ்சில் அபிமான வீரர்கள் எவ்வாறு வரிசையாக வீற்றிருக்கிறார்கள் என்று ஆராய்ந்தால், சட்டையின் முதுகில் பொறித்த எண்களே பெரும்பாலும் அவ்வரிசையை நிர்ணயிக்கின்றன என்பது புலனாகும்.

1958-ஆம் ஆண்டு ஸ்வீடனில் நடைபெற்ற உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில், பிரேஸில் அணிக்கு எண்கள் யாதொரு கிரமமுமின்றி வழங்கப்பட்டு, கோல் காப்பாளரான கில்மாருக்கு 3 வாய்க்க, 17 வயதே நிரம்பிய பெலேயிடம் 10 வந்து சேர்ந்தது. இறுதி ஆட்டத்தில் அவர் இரண்டு கோல்கள் அடித்து அணிக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்த பின்னர், அணியின் தலைசிறந்த கலைஞனுக்கே உரியது அவ்வெண் என்ற எண்ணம் தேசம்தோறும் வேரூன்றிற்று. பிற்காலத்தில் மரடோனா அதனை அணிந்து அதன் கீர்த்தியை மேலும் வளர்த்தார். முதல் பதினொருவருக்கு 1 முதல் 11 வரை என்ற சம்பிரதாயம் நிலவிய நாளில், 14-ஐத் தமதாக்கிக்கொண்ட டச்சு வீரர் கிராயிஃபின் சுதந்திரமும் என் மனத்தைக் கவர்வதே.

ஆயினும் என் பக்திக்கு முதன்மையாக உரியது 42. கறுப்பினத்தாரைப் பல்லாண்டுகள் விலக்கி வைத்திருந்த அமெரிக்கப் பெரும் பேஸ்பால் போட்டிகளில், 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக அவ்வெண்ணுடன் களம் புகுந்தார் ஜாக்கி ராபின்சன். 1997-இல் எல்லா அணிகளும் அதனை அவருக்கே அர்ப்பணித்தன. இன்று ஆண்டுதோறும் அதே தினத்தில் ஒவ்வொரு வீரரும் 42 அணிந்தே ஆடுகிறார். ஒரு மனிதரின் தைரியத்திற்கு ஒரு விளையாட்டு செலுத்தும் மரியாதை இதனினும் உயர்வதற்கில்லை.