டிராக்டர் பெட்டியும் பிரதேச சபையும்

தேயிலைத் தோட்டத்து டிராக்டர் இழுக்கும் பெட்டியில் ஆள் ஏறலாமா என்று ஊவா மாகாணத்துப் பசறையிலோ மடுல்சீமையிலோ கேட்டுப் பாருங்கள். "ஏறக்கூடாதுதான்" என்பார்கள். அடுத்த மூச்சிலேயே "ஏறாம எப்புடிப் போறது?" என்பார்கள். இரண்டுமே நியாயமான பதில்கள். அதனால்தான் சட்டம் ஒரு பக்கமும் நடைமுறை இன்னொரு பக்கமுமாக இத்தனை காலம் ஓடிக்கொண்டிருக்கின்றன.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் 2009 திருத்தமும் சாரதியை வகை பிரிப்பதில் குறை வைக்கவில்லை. முச்சக்கர வண்டிக்கு பி1, கையால் பிடித்து ஓட்டும் லேண்ட்மாஸ்டருக்கு ஜி1, நான்கு சக்கர டிராக்டருக்கு ஜி என்று தனித்தனி அனுமதி வகுப்புகள் உண்டு. டிராக்டர் பயணிகள் வாகனம் அல்ல என்பதிலும் அதற்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அது நாடு முழுவதற்குமான ஒரே சட்டம். கொழும்பு காலி வீதிக்கும், லுணுகலைக்கு மேலே தேயிலை மலையைச் சுற்றி ஏறும் கல்பாவிய பாதைக்கும் அது ஒரே கண்ணால்தான் பார்க்கிறது. இந்த நேரத்தில், இந்தப் பாதையில், இந்த வண்டி, இத்தனை பேரோடு போகலாம் என்று சொல்ல உள்ளூரில் ஒரு விதி வேண்டும். அந்த இடம் இங்கே வெறுமையாகக் கிடக்கிறது.

வெளிநாட்டில் இந்த இடத்தை நிரப்பிய விதத்தைப் பார்த்தால் நம் குறை இன்னும் துலங்கும். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் பீச்ட்ரீ சிட்டி என்றொரு சிறு நகரம் உண்டு. கோல்ஃப் மைதானத்துக்கென்று செய்த சிறு வண்டியில்தான் அங்கே பலர் கடைக்கும் பள்ளிக்கும் போகிறார்கள். 1974இலேயே அந்த வண்டிகளுக்கு நகரம் தனி விதி எழுதியது. அவற்றுக்காகவே சுமார் 160 கிலோமீட்டர் நீளத்துக்குத் தனிப் பாதைகளும் போட்டிருக்கிறது. மத்திய அரசு 1998இல்தான் மணிக்கு 20 முதல் 25 மைல் வரை ஓடும் மெது வாகனம் என்று ஒரு வகுப்பை உண்டாக்கி, விளக்கு, கண்ணாடி, இருக்கைப் பட்டி வேண்டும் என்றது. புளோரிடாவில் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் அனுமதிப்பத்திரமோ பழகுநர் அனுமதியோ இல்லாமல் இவற்றைத் தெருவில் ஓட்டக்கூடாது என்று 2023 அக்டோபரில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. கிட்டத்தில் டெல்லியில் ஈ-ரிக்‌ஷா கதையும் இதே மாதிரிதான். ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த அந்த வண்டிகளை 2014 ஜூலையில் உயர் நீதிமன்றம் நிறுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் மணிக்கு 25 கிலோமீட்டர், நான்கு பயணிகள், 40 கிலோ சாமான் என்று வரம்பு கட்டி மத்திய அரசு அவற்றைச் சட்டத்துக்குள் எடுத்துக்கொண்டது.

இவற்றில் நமக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று, விட்டுவிட வேண்டியது ஒன்று. பாதையைச் சொந்தமாக வைத்திருக்கும் உள்ளூராட்சியே அந்தப் பாதைக்கு விதி எழுதுகிறது என்பதை எடுத்துக்கொள்ளலாம். வேக வரம்பை மையமாக வைப்பதை விட்டுவிட வேண்டும். பீச்ட்ரீ சிட்டி நமுனுகுல மலை மாதிரி செங்குத்தான ஊர் அல்ல. இங்கே முச்சக்கர வண்டிக்கு 40 கிலோமீட்டர் வரம்பு உண்டு. தோட்டப் பாதையின் குண்டும் குழியும் அந்த வேகத்தை எப்படியும் தொட விடாது. ஆளைக் கொல்வது வேகமானியில் தெரிகிற வேகம் அல்ல, இறக்கமும் பாரமும்.

டிராக்டரை அருகில் நின்று பார்த்தால் இது விளங்கும். அதன் வலது காலடியில் பிரேக் மிதி ஒன்றல்ல, இரண்டு. பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. வயலில் சட்டென்று திரும்புவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பாதைக்கு வரும்போது இரண்டு மிதியையும் சேர்த்து ஒரு கொண்டியால் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டாமல் இறக்கத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். மலைப்பாதையில் அந்தப் பக்கம் பள்ளம் என்றால் மேலே சொல்ல வேண்டியதில்லை. பெட்டிக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கொழுந்துச் சாக்கும் ஆட்களுமாகச் சேர்ந்த பாரம் முழுவதும் பின்னாலிருந்து டிராக்டரைத் தள்ளும். வளைவில் பெட்டி பக்கவாட்டில் மடங்கி முன்வண்டியையும் சாய்த்துவிடும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குகிற பழக்கமும் சேர்ந்தால் எஞ்சின் பிடிப்பும் போய்விடும். இறக்கத்துக்கு முன்பே கீழ் கியருக்கு வருவது, மிதிகளைப் பூட்டுவது, பெட்டிக்குப் பிரேக், பெட்டியைச் சுற்றி இடுப்பளவு கம்பி: ஊவாவுக்கென்று விதி எழுதினால் முதலில் எழுத வேண்டியவை இவைதான். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பது ஐந்தாவதோ ஆறாவதோ வரியில் வந்தால் போதும்.

அந்த விதியை யார் எழுதுவது? சிக்கலே இங்கேதான் இருக்கிறது.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசிடம் வந்தன. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலைக்கும் லயத்துக்கும் கொழுந்து மடுவத்துக்கும் போகும் பாதைகளும் அந்தக் காணியோடு சேர்ந்தே கைமாறின. இடையில் வந்த 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், அதன் 33ஆம் பிரிவால், சபையின் கையைத் தோட்ட எல்லைக்கு வெளியே நிறுத்தியது. சபைத் தேர்தலில் தோட்ட மக்கள் வாக்குப் போடலாம், உறுப்பினரும் ஆகலாம். ஆனால் அந்த உறுப்பினர் தன் வீட்டு வாசலுக்குப் போகும் பாதைக்குச் சபைப் பணத்தில் ஒரு லோடு கல் கொட்ட முடியாது. முப்பது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. 2018இல் சட்டத்தைத் திருத்தி இந்தத் தடையை விலக்கினார்கள். மலையகப் பிரதிநிதிகள் கடைசியில் வென்றெடுத்த உண்மையான விஷயங்களில் அது ஒன்று. ஆனால் தடை போனதும் அதிகாரம் தானாக வந்து உட்கார்ந்துவிடவில்லை. பாதையைச் சபை பொறுப்பேற்று வர்த்தமானியில் போடாத வரை அது கம்பனியின் பாதைதான். கேட்டைப் பூட்டலாமா, எந்த வண்டியை விடலாம் என்பதைத் தோட்ட முகாமையாளரான துரைதான் தீர்மானிக்கிறார்.

இந்தக் குழப்பம் ஏதோ ஏட்டளவுச் சங்கதி என்று நினைத்தால், ஒரே பெட்டியில் போகும் மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி பெரட்டு (காலை வேலைப் பகிர்வு) முடிந்து மேல் மலைக்கு வேலைக்குப் போகிறாள். பெட்டி கவிழ்ந்தால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் அவளுக்குத் துணை நிற்கும். வேலை நிமித்தம் நேர்ந்த காயம் என்று வாதாட இடம் உண்டு. இரண்டாவது ஆள் அவளுடைய மகன், பள்ளிக்கூடம் போகிறவன். அந்தச் சட்டத்துக்கு அவன் யாரோ. மூன்றாமவர் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவர், வேலையை விட்டுப் பல வருஷம் ஆயிற்று. சரக்குக்கென்று எடுத்த காப்புறுதி இவர்கள் இருவருக்கும் பேசுமா? கம்பனி கேட்கும் முதல் கேள்வி "யார் உங்களை ஏறச் சொன்னது?" என்பதாகத்தான் இருக்கும். ஒரே பலகையில் உட்கார்ந்து, ஒரே பள்ளத்தில் விழுந்த மூன்று பேருக்கும் மூன்று விதமான நியாயம்.

அப்படியானால் ஆள் ஏற்றுவதையே அடியோடு தடை செய்துவிடலாமே? இந்த வாதத்துக்கு வலு இருக்கிறது. 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் அருகே, கோவிலுக்குப் போய்த் திரும்பிய டிராக்டர் டிராலி குளத்தில் கவிழ்ந்து 25க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். அதன்பின் அந்த மாநில அரசு டிராலியில் ஆள் ஏற்றினால் 10,000 ரூபாய் தண்டம் என்றது. நமக்கு இன்னும் நெருக்கமானது கேரளத்தின் வயநாடு. 2023 ஆகஸ்ட் 25 அன்று மானந்தவாடிப் பக்கம் தேயிலை வேலை முடிந்து திரும்பிய ஜீப் பள்ளத்தில் விழுந்து ஒன்பது தொழிலாளிப் பெண்கள் இறந்தார்கள். அது டிராக்டர் அல்ல, ஆள் ஏறுவதற்கென்றே செய்த வண்டி. வண்டியின் வகையை மாற்றினால் மட்டும் ஆபத்து தீர்ந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

தடையை நான் ஏற்காததற்குக் காரணம் இரக்கம் அல்ல, கணக்கு. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. பஸ் வராத டிவிசனிலிருந்து ஆட்டோ பிடித்து பிரதான வீதிக்கு வந்து போனால் அதில் ஒரு பெரும் பங்கு கரைந்துவிடும். மாற்று இல்லாத இடத்தில் போடும் தடை ஆட்களை வண்டியிலிருந்து இறக்காது, வண்டியை இருட்டுக்குள் தள்ளும். பொலிஸ் கண்ணில் படாத நேரத்தில், படாத பாதையில், அதே பெட்டி அதே ஆட்களோடு போகும். பிரசவ வலி கண்ட பெண்ணைத் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு ஓடிய கதை மலையகத்தில் எந்தக் குடும்பத்துக்கும் புதிதல்ல. அந்த லொறியைத் தடை செய்யச் சொல்லி யார் வாய் திறப்பார்?

ஆட்டோவின் விவகாரம் வேறு. தம்பேத்தன்னவுக்குப் போங்கள். 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய ஸ்டோரைத் தாண்டி லிப்டன் சீட் என்ற காட்சி முனை வரை சுமார் ஏழு கிலோமீட்டர் ஏற்றம். அகலம் ஒரு வண்டிக்குத்தான். ஹப்புத்தளையிலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஆட்டோக்கள் விடியற்காலையிலேயே வரிசை கட்டுகின்றன, ஏனென்றால் வெயில் ஏறினால் மேகம் மூடி மலை தெரியாது. அந்த நேரம்தான் கொழுந்துக்காரிகள் கூடையும் படங்குமாக அதே பாதையில் மலைக்கு ஏறும் நேரம், பிள்ளைகள் பள்ளிக்கு இறங்கும் நேரம். வளைவில் ஹோர்ன் சத்தம் கேட்டதும் தேயிலைச் செடியோடு ஒட்டி நிற்க வேண்டியவர்கள் அங்கே பிறந்தவர்கள். எல்லயில் ஒன்பது வளைவுப் பாலத்துப் பக்கமும் இதே நெரிசல்தான். அங்கே ஆட்டோவை வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டும் வெள்ளைக்காரர்களும் சேர்ந்திருக்கிறார்கள். சமதரையில் கார் ஓட்டிப் பழகிய கை, மூன்று சக்கரத்தோடு மலை வளைவில் இறங்குகிறது. ஆட்டோக்காரர்களின் பிழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. தோட்ட வேலையை விட்ட இளைஞர்களுக்கு ஊரிலேயே கிடைத்த ஒரே தொழில் பல இடங்களில் அதுதான். ஆனால் பாதையில் முதல் உரிமை நடப்பவருக்கு என்றால், காலையில் பெரட்டு முடிந்து ஆட்கள் மலையேறும் வரையும், பள்ளி கூடும், விடும் வேளைகளிலும் சுற்றுலா வண்டிகளைக் கீழேயே நிறுத்தி வைப்பதில் அநியாயம் எதுவும் இல்லை.

இதற்கெல்லாம் உள்ளூர் விதி எதற்கு, இருக்கிற சட்டத்தைப் பொலிஸ் அமுல்படுத்தினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2025 ஜனவரியில் 'க்ளீன் ஸ்ரீ லங்கா' என்று சொல்லி பஸ்ஸிலும் ஆட்டோவிலும் இருந்த அலங்காரங்களைக் கழற்றச் சொன்ன வேகத்தை நாடே பார்த்தது. மின்னும் பல்பு கண்ணில் பட்டது, பிரேக் இல்லாத பெட்டி படவில்லை. 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்ததற்குப் பின்னும், 2025 செப்டெம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்கள் வந்த பஸ் விழுந்து 15 பேர் இறந்ததற்குப் பின்னும் பேச்செல்லாம் பிரதான வீதியையும் பஸ்ஸையும் சுற்றியே போனது. அது தேவையான பேச்சுத்தான். தோட்டப் பாதை அதில் ஒரு வாக்கியத்துக்கும் வரவில்லை என்பதுதான் என் புகார்.

கம்பனிகளின் மறுப்பு இதைவிடக் கூர்மையானது. பாதையைச் சபைக்குக் கொடுத்தால் வெளியார் நடமாட்டம் கூடும், கொழுந்துத் திருட்டு நடக்கும், பராமரிப்பையும் சபை செய்யாது என்கிறார்கள். கடைசிப் பயத்தை நானும் ஏற்கிறேன். சபைகளின் வருமானத்தைப் பார்த்தால் கொங்கிரீட் போடுவது கனவு. ஆனால் விதி எழுதக் கொங்கிரீட் வேண்டாம். ஆட்டோத் தரிப்பிடங்களை ஒழுங்குபடுத்துவது சபைகளுக்குப் பழகிய வேலை. மற்ற இரண்டு பயங்களுக்கும் பதில் லிப்டன் சீட்டிலேயே இருக்கிறது. நுழைவுக் கட்டணத்தோடு வெளியாரை அழைக்கிற பாதை அது, அங்கே வெளியார் ஒரு சங்கடமாகத் தோன்றுவதில்லை.

மாகாண மட்டம்தான் உண்மையான முடிச்சு. மாகாணத்துக்குள் பயணிகள், சரக்குப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி மாகாணத்தின் விஷயம். 2014 செப்டெம்பரில் தெரிவான ஊவா மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்தது. அதன்பின் வருஷக்கணக்காக நிர்வாகம் ஆளுநரின் கையில். 2025 மே மாதத் தேர்தலில் பிரதேச சபைகளுக்கு உயிர் வந்தது, மேலே சபை இல்லை. பிரதேச சபை உபவிதியை எழுதி மாகாணத்தின் ஒப்புதலுக்கு அனுப்பினால் அதை விவாதிக்க மக்கள் தெரிவு செய்தவர்கள் மாகாணத்தில் யாரும் இல்லை.

இவ்வளவையும் தராசில் போட்டுப் பார்த்தபின் என் தீர்ப்பு தடைக்கும் அல்ல, இருக்கிறபடி விட்டுவிடுவதற்கும் அல்ல. தோட்டத்து டிராக்டரில் ஆள் ஏற்றுவதை நிபந்தனையோடு அனுமதித்து, அந்த நிபந்தனையைப் பிரதேச சபை எழுத வேண்டும். இருக்கை, சுற்றுக் கம்பி, பெட்டிக்குப் பிரேக் இருந்து, மிதிகளைப் பூட்டி ஓட்டும் ஜி வகுப்புச் சாரதியும் இருந்தால் மட்டும் ஏற்றலாம். கொழுந்துச் சாக்கோடு ஆளைச் சேர்த்து ஏற்றவே கூடாது. பெட்டியில் ஏறுகிற எவருக்கும், தொழிலாளியோ பிள்ளையோ, விபத்தின் பொறுப்பு வண்டிச் சொந்தக்காரருக்கே என்று காப்புறுதிப் பத்திரத்தில் எழுதாத டிராக்டருக்கு அனுமதி கிடையாது. இந்தக் கடைசி நிபந்தனையைக் கம்பனிகள் மிகக் கடுமையாக எதிர்க்கும். அதை விட்டுக்கொடுத்து மற்றவற்றை மட்டும் வாங்கினால் விதி எழுதாமலே இருப்பது மேல், ஏனென்றால் அப்போது சபையின் முத்திரையோடு அதே பழைய பெட்டி ஓடும். பாதைகளைப் பொறுப்பேற்கும் வேலையைப் பசறை, லுணுகலை, ஹாலிஎல சபைகள் பள்ளிக்கூடத்துக்கும் மருந்தகத்துக்கும் போகும் பாதைகளிலிருந்து தொடங்கலாம். 2018 திருத்தம் அதற்கு ஏற்கெனவே இடம் கொடுத்திருக்கிறது.