எண்ணெய் இறங்கிய வண்ணம்

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஃப்ராகொனார் தீட்டிய, லா ப்ரெத்தேஷ் என்பவரின் உருவப்படம் ஒன்று இருக்கிறது. அதன் முதுகில் ஒரு பழைய சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. 1769இல், ஒரே மணி நேரத்தில் வரைந்த படம் இது என்பது அதன் சாரம். யார் எழுதியிருந்தாலும் பெருமைக்காகத்தான் எழுதியிருக்க வேண்டும். நம்பத் தயங்குகிறவர்கள் முன்பக்கம் வந்து ஆடையின் மடிப்புகளைப் பார்க்கலாம். வளைந்து நெளிந்த சில இழுப்புகள், அவ்வளவுதான். தூரிகை எங்கே விரைந்தது, எங்கே திரும்பியது என்றுகூடச் சொல்லிவிட முடிகிறது.

ஒரு மணி நேரம் என்பதைச் சீட்டில் எழுதி ஒட்டும் அளவுக்கு அப்படி என்ன வியப்பு? எண்ணெய் வண்ணம் அவசரக்காரர்களுக்கான சரக்கல்ல. அதில் உள்ள ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனை ஏற்று மெல்ல மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சுக்கே சில நாள் பிடிக்கும். ஈரமாக இருக்கும் நிறத்தின்மேல் இன்னொன்றைக் கவனமின்றி வைத்தால் இரண்டும் குழைந்து சேறாகிவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகமோ அதற்குள் பத்து விதமாக மாறிவிடும். வேகமாக முகம் தீட்ட விரும்பியவர்கள் ஒன்று அந்த ஈரத்தோடு ஒத்துப்போனார்கள், இல்லையேல் எண்ணெயையே வெளியேற்றினார்கள்.

ஹார்லெம் நகரத்து ஃப்ரான்ஸ் ஹால்ஸ் ஈரத்தோடு ஒத்துப்போனவர்களில் தலையாயவர். பெர்லினில் இருக்கும் அவருடைய ‘மல்லே பாப்பெ’ 1630களில் தீட்டப்பட்டது. தோளில் ஆந்தை, கையில் பெரிய வெள்ளீயக் குவளை, சிரிப்பில் ஒரு பக்கமாகக் கோணிய வாய். அருகே போனால் அவள் கழுத்துப்பட்டி சாம்பலும் வெள்ளையுமான வெறும் கீறல்களாக உடைந்துவிடுகிறது. விலகி நின்றால் துணியாகிறது. ஈரத்தின்மேல் ஈரத்தை இப்படி இழுக்கும்போது தூரிகைக்கு ஒரு பயணம்தான். திருத்தப் போனால் கெட்டது. ஹால்ஸ் எல்லாப் படங்களையும் ஒரே மூச்சில் முடித்தவர் என்று நினைக்க வேண்டாம். நிதானமாக அடுக்கிய இடங்களும் அவரிடம் உண்டு. கடைசியில் வைக்கும் கீற்றுகள்தாம் முழுப்படமும் ஒரு வீச்சில் பிறந்தது என்று நம்மை நம்பவைக்கின்றன. அது ஒரு நடிப்பு என்றால், மிக உயர்ந்த நடிப்பு.

ஆனாலும் என் மனம், எண்ணெயை வெளியேற்றிய ஓவியர் துலூஸ்-லொத்ரெக் பக்கம்தான் சாய்கிறது. ஹால்ஸிடம் கையின் சாமர்த்தியம் முன்னால் வந்து நிற்கிறது. லொத்ரெக்கிடம் வேகம் பொருளிலேயே இருப்பதால், கை தன்னைக் காட்டிக்கொள்ளாமல் முகத்தைக் கவனிக்க முடிகிறது. ஓவியர் டெகா அவருக்கு முன்பே கையாண்ட முறைதான் இது. குழாயிலிருந்து பிதுக்கிய வண்ணத்தை உறிஞ்சுதாளில் வைத்து, எண்ணெய் இறங்கும்வரை விடுவார்கள். மிச்சமிருக்கும் பசையை டர்பன்டைனில் கரைத்தால் நீர்வண்ணம் போல ஓடும். டர்பன்டைன் ஆவியானதும் பளபளப்பில்லாத, வறண்ட படலம் நிற்கும். லொத்ரெக் அதைப் பெரும்பாலும் வெள்ளைப் பூச்சு ஏதும் கொடுக்காத சாதாரணப் பழுப்பு அட்டையின்மேல் தீட்டினார். ஒட்டியிருந்த கொஞ்சநஞ்ச எண்ணெயையும் அட்டை குடித்துவிடும். நாள்கணக்கில் காத்திருந்த வேலை இப்போது நிமிடக்கணக்கில் அடுத்த நிறத்துக்குத் தயார்.

அந்த அட்டை சும்மா இருப்பதுமில்லை. ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள, 1889இல் வரைந்த ‘செம்பட்டைக் கூந்தல்காரி’யைப் பாருங்கள். தரையில் உட்கார்ந்திருக்கும் பெண், நமக்கு முதுகைக் காட்டுகிறாள். தோல் முழுக்க நீலமும் பச்சையும் வெளிர்நிறமும் சின்னச்சின்னக் கோடுகளாக ஓடுகின்றன. இடையிடையே அட்டையின் பழுப்பு எட்டிப்பார்த்து உடம்புச் சூட்டைத் தருகிறது. தீட்டாத இடம் தீட்டிய இடத்துக்குச் சமமாக உழைக்கிறது. முகமே தெரியாத இதை உருவப்படம் என்று சொல்லலாமா? அந்தப் பிடரியும் சற்றே கூனிய முதுகும் ஒருத்தியை மட்டுமே குறிக்கின்றன. எனக்கு அது போதும்.

எண்ணெய் இறங்கிய வண்ணத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு: அதன் சொரசொரப்பு மற்றப் பொருள்களைப் பிடித்துக்கொள்ளும். வழவழவென்ற எண்ணெய்ப் படலத்தில் கரிக்கோல் சறுக்கும், பாஸ்டல் ஒட்டாது. வறண்ட படலத்திலோ, கரிக்கோட்டின்மேல் வண்ணம், வண்ணத்தின்மேல் பாஸ்டல் என்று கலந்து விளையாடலாம். இன்று கலப்பு ஊடகம் என்ற பெயரில் கண்காட்சிகளில் தொங்கும் பலவற்றில், ஒன்றின்மேல் ஒன்று ஏன் வந்தது என்பதற்குக் காரணமே தெரிவதில்லை. லொத்ரெக்கிடம் ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது. 1887இல் நண்பர் வான்கோவை மதுக்கோப்பையோடு பக்கவாட்டில் வரைந்தபோது பாஸ்டலே போதுமாக இருந்தது. படம் முழுவதும் கோடுகளின் பரபரப்பு. நிறத்தை வீச்சாகப் பரப்ப வேண்டிய இடத்தில்தான் தூரிகை வருகிறது.

இதற்கு விலையும் உண்டு. மலிவான அட்டையில் உள்ள மரக்கூழ் வெளிச்சம் பட்டுப் பட்டுக் கறுக்கும். நூறாண்டுகளுக்கு மேலான அந்தப் பழுப்பு, அவர் வைத்துவிட்டுப் போன பழுப்பாக இருக்க வாய்ப்பில்லை. எண்ணெய் குறைந்ததால் வண்ணத்தின் பிடிப்பும் பலவீனம். வேகத்துக்காக ஆயுளைக் கொடுத்த பேரம் இது; நான் அவர் கட்சிதான்.

முகத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் இந்த வேகத்தை ரசித்தார்கள் என்று சொல்ல முடியாது. 1894இல் பாடகி இவெத் கில்பேருக்காக லொத்ரெக் ஒரு சுவரொட்டி வடிவம் வரைந்தார். ஒளி ஊடுருவும் தாளில் கரிக்கோடு, அதன்மேல் எண்ணெய் இறக்கிய வண்ணம், கிட்டத்தட்ட ஆளுயரம். இன்று அது லொத்ரெக்கின் பிறந்த ஊரான அல்பியில் இருக்கிறது. தூக்கிய மூக்கு, மெலிந்த உடல், கில்பேரின் அடையாளமாகிவிட்ட நீண்ட கறுப்புக் கையுறைகள். ஒன்றையும் மென்மையாக்கவில்லை. தன்னை இவ்வளவு கோரமாகக் காட்ட வேண்டாம் என்று கில்பேர் கடிதம் எழுதினார், சுவரொட்டி அச்சேறவில்லை. அதே ஆண்டில் லொத்ரெக் அவரைப் பற்றிய கல்லச்சுப் படங்களின் தொகுப்பைப் பச்சை மையில் வெளியிட்டார். முகத்தில் சலுகை எதுவும் காட்டவில்லை. நூறு பிரதிகள். அவற்றில் கில்பேரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.