திரையை உழுத எலக்ட்ரான்கள்

பெரம்பலூரில் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். 2006இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வீடு வீடாக வந்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. பின்பக்கம் புடைத்த கண்ணாடிக் குழாய் உடையாமல் இருந்தது.

துகள் முடுக்கி என்றால் ஜெனீவாவின் 27 கிலோமீட்டர் வளையத்தைச் சொல்வார்கள். ஏறக்குறைய இங்கிருந்து அரியலூர் போகிற தூரம். நம் கூடத்தில் இருந்ததும் முடுக்கிதான். குழாயின் கழுத்தில் சூடேறிய முனை எலக்ட்ரான்களை உதிர்க்கும். இருபதாயிரம் வோல்ட் அளவிலான மின்னழுத்தம் இழுக்க, அவை ஒளியின் வேகத்தில் கால் பங்குக்கு மேல் பாயும். செம்புச் சுருள்களின் காந்தம் அவற்றை வளைத்து, சோளக்கொல்லையில் சால் பிடித்து ஓட்டுவதுபோல, நொடிக்கு 25 முறை 625 வரிகளாகத் திரையை உழவைக்கும். அணைத்த கையோடு திரையருகே முழங்கையைக் கொண்டுபோனால் மயிர் சிலிர்த்து நிற்கும், படபடவென்று பொரியும். சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்காகவே அணைப்போம்.

புற்றுநோய்க் கட்டியைக் கருக்கும் லீனியர் ஆக்சிலரேட்டர் இதற்கு அண்ணன். அதில் எலக்ட்ரான்கள் பல லட்சம் வோல்ட் வலுவோடு டங்ஸ்டனில் மோத, எக்ஸ் கதிர் பிறக்கிறது. கீழடிக் கரித்துண்டின் வயதை கி.மு. 580 என்று சொன்னதும் ஒரு முடுக்கிதான். கார்பன் அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணியது.

கடைக்காரர் குழாயின் கழுத்திலிருந்து செம்புச் சுருளை மெல்லத் திருகிக் கழற்றி, தராசில் வைத்தார்.