‘பொது ஒழுங்கு’: ஒரு சொல்லாட்சியும் தனிமனித உரிமையும்

தனிமனித உரிமைக்கும் பொதுநலனுக்கும் இடையிலான எல்லைக்கோட்டை இந்திய அரசமைப்பின் 19ஆம் உறுப்பு வரைகின்றது. அதன் முதற்கூறு பேச்சுரிமையை வழங்க, இரண்டாம் கூறு அதற்குரிய வரம்புகளைக் குறிக்கின்றது. இவ்வெல்லை சொற்களால் ஆனது; ஆகவே மொழிபெயர்ப்பில் இடம்பெயரக் கூடியது.

‘பொது ஒழுங்கு’ என்னும் வரம்பு அவ்விரண்டாம் கூற்றில் தொடக்கத்தில் இல்லை. ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் சென்னை மாநிலத்துள் வருவதற்கு விதிக்கப்பட்ட தடையை 1950இல் ரமேஷ் தாப்பர் வழக்கில் நீக்கிய உச்சநீதிமன்றம், அரசின் பாதுகாப்பு வேறு, பொது ஒழுங்கு வேறு எனப் பகுத்தது. அதன்பின் 1951இல் வந்த முதல் திருத்தம் பொது ஒழுங்கையும் வரம்பாகச் சேர்த்தது. கட்டுப்பாடு நியாயமானதாக இருத்தல் வேண்டும் என்னும் அடையையும் உடன் தந்தது.

இச்சொல்லின் பொருளெல்லை 1965இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் தெளிவுபட்டது. ‘பப்ளிக் ஆர்டர்’ காக்கத் தடுப்புக்காவலில் வைக்கலாம் என்பது விதி. மாவட்ட ஆட்சியரின் ஆணையிலோ ‘லா அண்ட் ஆர்டர்’ என்றிருந்தது. இரண்டும் ஒன்றல்ல எனப் பெரும்பான்மை நீதிபதிகள் கொண்டமையால் லோகியா விடுதலை பெற்றார். நீதிபதி இதாயத்துல்லா மூன்று பொதுமைய வட்டங்களைக் காட்டினார்: புறவட்டம் சட்டம் ஒழுங்கு, அதனுள் பொது ஒழுங்கு, உள்வட்டம் அரசின் பாதுகாப்பு. குடிகாரர் இருவர் தம்முள் அடித்துக்கொள்வது முதல் வட்டத்தைத் தாண்டுவதில்லை. ஆங்கிலத்தை அகற்றக் கோரி இயக்கம் நடத்தியவர், ஆங்கிலத் தொடர்கள் இரண்டின் வேறுபாட்டால் விடுதலை பெற்றது ஒரு முரண்நகை.

தமிழில் இரண்டையும் ‘சட்டம் ஒழுங்கு’ என்றே பெயர்த்தால் அவ்வழக்கின் தீர்ப்பே பொருளற்றதாகிவிடும். செய்தித்தமிழில் அத்தொடர் வேரூன்றியிருப்பதால் அதுவே வாசகருக்கு எளிது எனலாம். ஆயின் அவ்வெளிமை நடுவட்டத்தைப் புறவட்டமளவிற்கு விரித்துவிடுகின்றது; விரிந்த அளவு குடிமகனின் உரிமை சுருங்குகின்றது. ‘பொது அமைதி’ என்பதும் பொருந்துவதன்று. முழக்கமிட்டுச் செல்லும் ஊர்வலம் அமைதியைக் குலைக்கும். ஒழுங்கைக் குலைக்க வேண்டுவதில்லை. ‘பொது ஒழுங்கு’ என்பதிலும் ஒரு குறை உண்டு. ‘ஒழுகு’ என்னும் அடியே ‘ஒழுக்க’த்திற்கும் அடியாதலின், அதே கூற்றில் தனி வரம்பாக நிற்கும் ஒழுக்கநெறியின் சாயல் இதன்மேலும் படிகின்றது. எனினும் மூன்றனுள் இதுவே கொள்ளத்தக்கது.

பெயர்ச்சொல்லில் காட்டும் கவனத்தை மொழிபெயர்ப்பாளர் இணைப்புச் சொல்லில் காட்டுவதில்லை. ‘பொது ஒழுங்கைக் கருதி’ என்று எழுதும்போது ‘கருதி’ என்னும் வினையெச்சம் ஓர் எழுவாயை வேண்டி நிற்கின்றது. கருதுபவர் யார்? ஆள்வோர் என்பதே விடையாகும். ‘பொது ஒழுங்கின் பொருட்டு’ என்னும்போது, ‘பொருட்டு’ நான்காம் வேற்றுமைச் சொல்லுருபாதலின் கட்டுப்பாட்டிற்கும் நோக்கத்திற்கும் உள்ள தொடர்பை மட்டும் சுட்டுகின்றது. 1960இல் அதே லோகியா தொடர்புற்ற மற்றொரு வழக்கில் உச்சநீதிமன்றம், அத்தொடர்பு அணுக்கமானதாக இருத்தல் வேண்டும், தொலைவான ஊகம் போதாது என்றது. அணுக்கமா, தொலைவா என்பது நீதிமன்றம் ஆராய்ந்து காணத்தக்கது. ‘கருதி’ என்னும் சொல்லோ ஆள்வோர் கருதியதே போதும் என்னும் பொருளுக்கும் இடந்தருகின்றது.